ஏறிய நட்டும் உட்கார்ந்த நட்டும்

வீல் நட்டு கேட்டு வருகிறவரிடம் நாங்கள் கடைசியாகக் கேட்கும் கேள்வி பலருக்குப் பிடிப்பதில்லை.

"கழட்டினது இப்ப எங்க இருக்கு?"

புது நட்டு வாங்க வந்தவரிடம் பழைய நட்டைப் பற்றி ஏன் விசாரிக்க வேண்டும் என்று முகம் சுளிப்பார்கள். ஒரு லொறிக்காரர், "அதுக்கு மாலை போடப் போறீங்களா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லும்வரை நான் நட்டைக் கொடுக்கவில்லை.

ஹட்டனில் மோட்டார் உதிரிப்பாகக் கடையொன்றின் கவுண்டரில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். இப்போது அந்த இடத்தில் ஜெயந்தி நிற்கிறார். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, நான் பார்த்தவற்றில் ஒன்றை எழுதித் தரும்படி அவர்தான் கேட்டார். எதை எழுதுவது என்றேன். "அதத்தான்" என்றார். அது எது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் பெயரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டேன். போடாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார்.

கடைக்கு வருவதற்கு முன்னால் சில வருடங்கள் ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருந்தேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுது, பார்க்காததை யார் சொன்னார் என்று சேர்த்து எழுது என்பது அங்கே பழகியது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கவுண்டரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹட்டனில் ஒரு பொருளுக்கு ஒரு பெயர் கிடையாது. தோட்டத்து டிரைவர் நட்டு என்பார். கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து வருகிறவர் சிங்களத்தில் முரிச்சி என்பார். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர் சுரை வேண்டும் என்று கேட்க, எங்கள் ஆள் அவருக்கு மரக்கறிக் கடைக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்தக் குழப்பத்துக்குக் கடை கண்டுபிடித்த மருந்துதான் மாதிரி. கழற்றிய பழைய சாமானைக் கொண்டுவந்து கவுண்டரில் இருக்கும் அலுமினியத் தட்டில் போட்டு, "இது மாதிரி" என்றால் போதும். எந்த மொழிக்காரராக இருந்தாலும் வேலை முடிந்துவிடும். மாதிரி இல்லாமல் வருகிறவரைத்தான் நாங்கள் கேள்வி கேட்போம். மாதிரியோடு வருகிறவரிடம் பேச வேண்டிய தேவையே இல்லை.

அந்தக் கவுண்டரில் மாதிரி பார்ப்பதில் ஜெயந்தியை மிஞ்ச ஆள் இல்லை. பழைய நட்டைக் கையில் எடுத்து இரண்டு முறை உருட்டுவார். பிறகு எழுந்து போய்ச் சரியான பெட்டியை எடுத்து வருவார். அவர் கொடுத்த சாமான் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவது நின்றிருந்த காலம் அது. புதுக் கார் என்ற பேச்சே இல்லை. இருப்பதைக் கழற்றி, தேய்த்து, பூசி, ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வியாபாரம் நன்றாகவே நடந்தது. சிவனொளிபாதமலை யாத்திரைச் சீசனும் தொடங்கியிருந்தது. மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் வாகனங்களில் பெரும்பாலானவை ஹட்டனைத் தாண்டித்தான் போகும்.

ஒரு பிற்பகலில் பிரபு என்ற இளைஞர் வந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர். சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடுகிறவர். அன்று பஸ்ஸில் வந்திருந்தார். துருப்பிடித்த வீல் நட்டு ஒன்றைத் தட்டில் போட்டார்.

"இது மாதிரி முழு செட்டும் வேணும் அக்கா. ஆனா மினுங்குறதாக் குடுங்க."

மறுநாள் அவருடைய தங்கைக்குக் கல்யாணம். இறம்பொடை கோயிலில் தாலி கட்டு. பெண்ணை ஏற்றிப்போவது அவருடைய கார். ஜெயந்தி நட்டை உருட்டிப் பார்த்தபடியே, கல்யாணம் யாருக்கு, பொண்ணுக்கா காருக்கா என்று கேட்டார்.

"காரப் பாத்துட்டுத்தான் அக்கா பொண்ணப் பாப்பாங்க" என்றார் பிரபு.

நான் இரண்டடி தள்ளி நின்று சிரித்தேன். ஜெயந்தி குரோம் பூசிய நட்டுகளை எடுத்து வந்தார். திருகும் மரை அளவு ஒன்றுதான். உள்ளே போகும் முனை, மாதிரியில் இருந்தது போலவே கூம்பாக இருந்தது. இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தார். பளபளப்பைத் தவிர வித்தியாசம் இல்லை. பிரபு கல்யாணத்துக்கு வரச்சொல்லி எங்கள் இருவரையும் அழைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடை திறந்து சிறிது நேரம் ஆகியிருக்கும். எதிர்ப்பக்கம் டயர் கடை வைத்திருக்கும் பாஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எங்கள் வாசலில் நின்றார். சிங்களவர். எங்களோடு தமிழ்தான் பேசுவார். கல்யாணக் கார் ஒன்று காலையில் காற்று அடிக்க வந்ததாகச் சொன்னார்.

"உங்க கடை நட்டு நல்லா மினுங்குது நே. அந்த அலோய் ரிம்முக்கு நல்ல எடுப்பு."

நான் அப்போது ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஜெயந்தி பக்கம் சத்தம் நின்றதை வைத்துத்தான் திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் இருந்த விளக்குமாறு அப்படியே நின்றிருந்தது.

"அலோயா?" என்று கேட்டார்.

அலோய்தான், கம்பனி அலோய், நல்ல சாமான் என்றார் பாஸ்.

"அண்ணே" என்று என்னைப் பார்த்தார் ஜெயந்தி. "அவரு போட்ட மாதிரி இரும்பு ரிம் நட்டு."

உங்களில் சிலருக்கு இது இன்னும் பழகியிருக்காது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். மரை என்பது நட்டு உள்ளே போகும் வழி மட்டும்தான். சக்கரத்தைப் பிடித்துவைப்பது மரை அல்ல. நட்டின் முகம் ரிம்மின் துளையில் எங்கே படிகிறதோ, அந்த இடம்தான் பிடிக்கிறது. இரும்பு ரிம்மில் துளை புனல்போல இருக்கும். கூம்பு நட்டு அதில் போய்ப் பொருந்தும். அலோய் என்னும் கலப்பு உலோக ரிம்மில் பல வகை உண்டு. சிலவற்றுக்குக் கூம்பு சரி. சிலவற்றில் துளை பெரிது, முகம் தட்டை. அதற்கு நீளக் கழுத்தும் அகல வாஷரும் உள்ள நட்டு வேண்டும். அந்தத் துளையில் கூம்பு நட்டைப் போட்டால், மரை தடையில்லாமல் ஏறும். கூம்பு துளையின் விளிம்பைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஸ்பானரில் இழுத்தால் இறுகியது போலவே கைக்குத் தெரியும். ஓட ஓட, அந்த மெல்லிய விளிம்பு நொறுங்கும். பிறகு நட்டு பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

பாஸ் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டார். நட்டை அவர் தொடவில்லை. காற்று மட்டும்தான் அடித்தார். அவர் கண்ணில் பட்டது பளபளப்புத்தான். ஆனால் ரிம்மின் வகை அவருக்கு நினைவிருந்தது. தட்டைத் துளை என்றார். உறுதியாகவா என்று கேட்டேன். அந்த வகை ரிம்மை எத்தனை தடவை கழற்றியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

கார் புறப்பட்டு ஒரு மணித்தியாலம் இருக்கும். தலவாக்கலையைத் தாண்டியிருப்பார்கள். அடுத்து நானுஓயா, நுவரெலியா. அதற்குப் பிறகு இறம்பொடை இறக்கம். அந்த வீதியில் வளைவுக்கு வளைவு பள்ளம் பக்கம் மாறும். அதில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரபுவின் போன் நம்பர் எங்களிடம் இல்லை. பக்கத்துப் படப்பிடிப்புக் கடைக்காரர்தான் அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ; அவரைக் கூப்பிட்டோம். அவருடைய ஆள் குமார், பெண் காருக்கு முன்னால் போகும் வேனில் இருக்கிறார் என்று அவர் சொன்னார். பிரபுவின் நம்பரும் அவரிடம் இருந்தது. எடுத்த எடுப்பிலேயே அவர் பிரபுவுக்கு அழுத்தப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். காரை ஓட்டிக்கொண்டிருப்பவர் பிரபு. பின்னால் இருப்பது அவருடைய தங்கை. உன் சக்கரம் கழலப் போகிறது என்று காதில் சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான்? பிரேக்கை மிதிப்பான். வளைவில் மிதிப்பான். சக்கரம் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும்போது செய்யக்கூடாத வேலை அது. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் கால் தரையில் பட்ட பிறகு சொல்ல வேண்டும்.

ஜெயந்திதான் குமாரைப் பிடிக்கலாம் என்றார். கல்யாண நாளில் மணப்பெண்ணின் காரைக் காரணம் சொல்லாமல் நிறுத்தக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. அவர் வீடியோக்காரர்.

குமார் எடுத்ததும் நான் பேசினேன்.

"குமாரு, பதறாமக் கேளு. ஷொட் எடுக்கணும்னு சொல்லிப் பொண்ணு கார நிப்பாட்டு. ஏத்தமா, நேரா இருக்கிற எடமாப் பாத்துக்க. மெதுவா கையக் காட்டு. நட்டு, சக்கரம்னு ஒரு வார்த்த பேசாத. எல்லாரும் எறங்கினப் பொறகு போனப் பிரபு கையில குடு."

குமார் கேள்வி கேட்கவில்லை. தேயிலைக்குள் நின்று படம் எடுக்க வேண்டும் என்று மணப்பெண் புறப்பட்டதிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பதாகவும், முகூர்த்தம் தவறிவிடும் என்று பிரபுதான் நிறுத்தவிடாமல் ஓட்டுவதாகவும் சொன்னார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டிருக்க வேண்டும். காற்றுச் சத்தமும் பாட்டும் மட்டும் கேட்டன. நாங்கள் நால்வரும் அந்தப் போனைக் கவுண்டரில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர் ஒருவர் வந்து மாதிரித் தட்டில் எதையோ போட்டார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சிறிது நேரம் நின்றுவிட்டுத் தன் சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் வேனின் சத்தம் நின்றது. கதவு திறக்கும் ஓசை. ஒரு பெண் சிரித்தாள். "அஞ்சு நிமிசம்தான், அதுக்கு மேல கெடையாது" என்று பிரபு யாரையோ அதட்டியது கேட்டது. பிறகு அவர் போனில் வந்தார்.

நான் பெயரைச் சொன்னேன். முன் சக்கரத்து நட்டு ஒன்றை விரலால் திருப்பிப் பார்க்கும்படி சொன்னேன். ஏன் என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

போனில் தேயிலைக்காட்டின் சத்தம் மட்டும். தூரத்தில் குமார், தலையைக் கொஞ்சம் சரித்துச் சிரிக்கும்படி மணப்பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"திரும்புது அண்ணே" என்றார் பிரபு. அவர் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. "எல்லாமே திரும்புது. ஒண்ணக் காணோம்."

வலது பக்க முன் சக்கரம். துளையைச் சுற்றி வெள்ளி நிறத்தில் மாவு கொட்டியிருக்கிறது என்றார். அலோயின் விளிம்பு அரைபட்ட தூள் அது. இறுக்கிக்கொண்டு மெதுவாகப் போகலாமா என்று கேட்டார். ஓர் அங்குலமும் நகர்த்தக் கூடாது என்றேன். பெண்ணை வேனில் ஏற்றச் சொன்னேன். கார் அங்கேயே கிடக்கட்டும். எதையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்றும் சொன்னேன். அவர் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு குமார் சொன்னார்.

படப்பிடிப்புக் கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாஸ் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். எனக்கும் அது முடிந்துவிட்டது என்றே பட்டது. ஒரு விபத்தைத் தடுத்துவிட்டோம் என்ற நிம்மதி எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தச் சில விநாடிகளில்தான் பார்த்தேன். மூன்று ஆண்களும் நின்றுவிட்டோம். ஜெயந்தி நிற்கவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"தம்பி, அந்த அலோய் யாரோடது?"

தினேஷுடையது. பிரபுவின் கூட்டாளி, அவரும் ஹயர் ஓடுகிறவர். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இரவலாகக் கொடுத்திருக்கிறார்.

"அவரு வண்டியில இப்ப என்ன போட்டிருக்கு?"

நான் ஜெயந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

"என்னோட இரும்பு ரிம்மு."

"நட்டு?"

"அவனோட நட்டுத்தான். அது ஏறிருச்சு அக்கா."

நட்டு காருக்குச் சொந்தம், ரிம் தனிச் சாமான் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். ரிம்மை மட்டும் மாற்றிக்கொண்டு, அவரவர் நட்டை அவரவர் வைத்துக்கொண்டார்கள். பிரபுவின் நட்டு துருப்பிடித்துப் பார்க்க நன்றாக இல்லாததால் எங்களிடம் வந்தார். தினேஷின் நட்டு நன்றாகவே இருந்தது. அதனால் அவர் எங்கும் போகவில்லை. நீளக் கழுத்தும் வாஷரும் உள்ள அந்த நட்டை இரும்பு ரிம்மின் புனல் துளையில் போட்டு இறுக்கியிருக்கிறார். அந்தக் கழுத்து துளையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். வாஷர் எதையும் முழுதாகத் தொடாது. அதுவும் கைக்கு இறுகியது போலத்தான் இருக்கும்.

தினேஷ் எங்கே என்று கேட்டார் ஜெயந்தி. காலையில் நல்லதண்ணிக்கு ஹயர் என்றார் பிரபு. வயதான தம்பதியர். அவர்களை இறக்கிவிட்டுத் தாலி கட்டுக்கு நேரே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிரபு தந்த நம்பரில் அவருக்கு அழைத்தோம். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோது தொடர்பே கிடைக்கவில்லை. மஸ்கெலியாவுக்கு அப்பால் சிக்னல் வந்து வந்து போகும். பாஸ் தன் போனை எடுத்து, நல்லதண்ணியில் சீசனுக்குக் கடை போட்டிருக்கும் தன் மச்சானைச் சிங்களத்தில் பிடித்தார். காரின் நிறத்தைச் சொன்னார், நம்பரைச் சொன்னார். வாகனம் நிறுத்துமிடத்தில் நிற்கும் பொலிஸாரிடம் சொல்லி, அந்தக் காரைத் திரும்பிப் போக விடாமல் பிடித்துவைக்கச் சொன்னார். மச்சான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடியதாக அறிந்தேன். சரியான வேலைதான். கார் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் உதவியிருக்கும்.

அடுத்து வந்த அழைப்பு தினேஷின் நம்பரிலிருந்து வந்தது. பேசியது தினேஷ் அல்ல. எங்கள் நம்பரிலிருந்து அழைப்பு வந்திருப்பதைப் பார்த்து அழைப்பதாக ஒருவர் சிங்களத்தில் சொன்னார். ஜெயந்தி போனைப் பாஸிடம் நீட்டினார். பாஸ் கேட்டுக்கொண்டே போய் வாசற்படியில் உட்கார்ந்தார். நான் அவர் முகத்திலிருந்து எதையும் வாசிக்க முயலவில்லை. எதிர்க் கடையில் தொங்கிய டயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மஸ்கெலியாவைத் தாண்டி, நீர்த்தேக்கத்தை ஒட்டிய வீதி. இடது பக்க முன் சக்கரம் கழன்றுவிட்டது. கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் வீதியோர வடிகால் கானில் விழுந்து மண்மேட்டில் முட்டி நின்றது. முன்னால் இருந்த அம்மாவுக்கு நெற்றியில் காயம். தினேஷுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. பின்னால் இருந்த ஐயாவுக்கு ஒன்றுமில்லை. உயிர் மூன்றும் இருந்தன.

இடது பக்கம் மண்மேடு. வலது பக்கம் தண்ணீர். வலது பக்கச் சக்கரம் கழன்றிருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன்.

இரண்டு நாள் கழித்து நானும் ஜெயந்தியும் ஆஸ்பத்திரியில் தினேஷைப் பார்த்தோம். கட்டிய தோளோடு படுத்திருந்தார். நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறேன். புறப்பட்டதிலிருந்து ஒரு தட்டல் சத்தம் கேட்டதாம். இரும்பு ரிம்மை மூடும் பிளாஸ்டிக் கப் ஆடுகிறது என்று நினைத்தாராம். அந்த அம்மாவும் என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார். கப் என்று சொல்லியிருக்கிறார்.

"அப்பறம் ஒரு டயரு என்னையத் தாண்டி முன்னால ஓடுச்சு அண்ணே. ரோட்டக் குறுக்க வெட்டித் தண்ணிப் பக்கமா எறங்குச்சு. பாவம், யாரு டயரோன்னு நெனச்சேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்தார். தினேஷும் சிரிக்கப் பார்த்தார், தோள் விடவில்லை. ஜெயந்தி சிரிக்கவில்லை. கொண்டுபோன ஹோர்லிக்ஸ் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, அதன் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. பெண் வீடியோ வேனில் போய் இறங்கினாள். தாலி கட்டி முடியும்வரை பிரபு அவளிடம் எதையும் சொல்லவில்லை. கார் கோளாறு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பிரபுவுக்குப் பக்கத்தில் தினேஷ் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவர் நின்றார்.

அந்த வாரம் கடைவீதியில் இதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. எங்கள் கடையில் பிழையே இல்லை என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். கேட்டது மாதிரி, கொடுத்ததும் மாதிரி. இரண்டாவது காருக்கு நாங்கள் எதுவுமே விற்கவில்லை. சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதை யார் சொன்னாலும் ஜெயந்தி எழுந்து பின்னறைக்குப் போய்விடுவார். தட்டில் கிடக்கும் பழைய சாமான், அது எதிலிருந்து வந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். புதியது எதில் போகப் போகிறது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் கவுண்டருக்கு அப்பால் நிற்கிறார். மாதிரி இருக்கிறதே என்று நாம்தான் அவரைப் பேசவிடுவதில்லை.

சில நாள் கழித்து ஜெயந்தி பாஸிடமிருந்து இரண்டு உடைந்த ரிம் துண்டுகளை வாங்கி வந்தார். ஒன்று இரும்பு, ஒன்று அலோய். இரண்டிலும் ஒவ்வொரு நட்டுத் துளை முழுதாக இருந்தது. இரண்டையும் மாதிரித் தட்டுக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டி வைத்தார். இன்றும் இருக்கின்றன. நீங்கள் பார்த்திருப்பீர்கள், காகிதம் பறக்காமல் இருக்க அவற்றின் அடியில் பில் புத்தகத்தை வைக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வைக்காதீர்கள். நட்டு கேட்டு வருகிறவர் கையாலேயே அந்தத் துளைகளில் நட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "ஏறுதுங்க" என்பார்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். "உக்காருதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு ஹட்டனில் எல்லா மொழிக்காரரும் குனிந்து பார்க்கிறார்கள்.

நமது மலையில் எதுவும் வீணாக எறியப்படுவதில்லை. ஒரு வாகனத்திலிருந்து கழன்றது இன்னொன்றில் ஏறியே தீரும். நீங்கள் கவுண்டரில் பார்ப்பது எப்போதும் பாதிக் கணக்கு. மறு பாதி எங்கோ ஒரு வீதியில், யாரையோ ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அந்தக் கடைசிக் கேள்வி: கழட்டினது, நட்டோ ரிம்மோ, இப்ப எங்க இருக்கு?

படப்பிடிப்புக் கடைக்காரர் கல்யாண வீடியோவைத் தொகுத்தபோது, அந்தத் தேயிலைக் காட்சியை வெட்டிவிடட்டுமா என்று வீட்டாரைக் கேட்டார். வெட்ட வேண்டாம், தான் ஆசையாகக் கேட்டு எடுத்த படம் அது என்று மணப்பெண் சொல்லிவிட்டாள். அவர் எனக்கும் ஜெயந்திக்கும் அதைப் போட்டுக் காட்டினார்.

சிவப்புச் சேலையில் அந்தப் பெண் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கிறாள். தலையைக் கொஞ்சம் சரித்துச் சிரிக்கிறாள். குமார் அவள் முகத்தைத்தான் எடுத்தார். பின்னால், கொஞ்சம் மங்கலாக, வெள்ளைக் கார். பட்டு வேட்டி கட்டிய ஒருவர் காதில் போனோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்துகிறார். ஒரு விரலை நீட்டுகிறார். விரல் சுற்றுகிறது. நிறுத்திவிட்டு அடுத்த நட்டைத் தொடுகிறார். அதுவும் சுற்றுகிறது. பிறகு வேட்டி மண்ணில் படுவதைப் பார்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, தன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்னால் பெண் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

சத்தம் எதுவும் இல்லை. அந்த இடம் முழுவதற்கும் கல்யாணப் பாட்டு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.